மார்கழி முதல் தேதி மழை

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தாவுக்குக் கார்த்திகை தீபம்தான் மழைக்கு எல்லை. தீபம் கழிந்து பனி இறங்கினால், “பனி விழுந்துட்டு, இனிமே மழை எங்கடே வரும்?” என்பார். கார்த்திகைக்கு மிஞ்சிய மழையில்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையில்லை என்ற பழமொழியை அவர் அப்படியே நம்பினார். வானமும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொண்டது. அதற்குள் நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் நடவு முடிந்திருக்கும். மார்கழி விடியலில் வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனையும்.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. மேகமில்லாத இரவில்தான் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக் குளிரும், பனி இறங்கும். பனி விழுந்தால் வானம் தெளிந்துவிட்டது என்று அர்த்தம்.

2023இல் மார்கழி பிறந்தது டிசம்பர் 17. அன்று பிடித்த மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. மாஞ்சோலை, ஊத்து மலைகளிலும் விடாத மழை. அணைகளில் திறந்த நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து தாமிரபரணி கரை தாண்டியது. நட்ட வயல்கள் மூழ்கின. மறு ஆண்டு டிசம்பர் 13, கார்த்திகை தீபத்தன்றே, ஆற்றில் மறுபடியும் வெள்ளம்.

வெள்ளம் இந்த ஆற்றுக்குப் புதிதல்ல. 1992 நவம்பர் வெள்ளத்தை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆனால் அது ஐப்பசி, மழைக்குரிய மாதம். இரண்டு டிசம்பர்களை மட்டும் வைத்துப் பருவமே மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இந்தியப் பெருங்கடல் சூடாகிவருவது உறுதி. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பதும் உறுதி. பெய்கிற மழை பேய்மழையாவதற்கு அதுவே வழி செய்கிறது.

எனக்கு வெள்ளத்தைவிடப் பெரிய கவலை இரவுகள். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. எங்கள் பிசானம் கதிர் முற்றுவதோ தை, மாசி இரவுகளின் குளிரில். 1937 முதல் எங்கள் ஊரிலேயே நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பை 16 அங்கே பிறந்த ரகம். சூடான இரவைத் தாங்கும் ரகமும் அங்கிருந்தே வர வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளத்தில் போன பயிரை அதிகாரிகள் வந்து கணக்கெடுக்கிறார்கள். இரவுச் சூட்டில் பதராய்ப் போன நெல்லுக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. களத்தில் மூட்டை குறையும்போது, உரம் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொள்கிறோம்.