திருப்புளியாரும் ரசீதாரும்

பழைய ரிக்கார்டு ப்ளேயர் பித்துப் பிடித்தவர்கள் சென்னையில் இரண்டு ரகம். ஓடாததைச் சல்லிசாக வாங்கி வந்து தானே பிரித்து மேய்கிறவர் ஒரு ரகம். யாரோ பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, பெயின்ட் அடித்து, பில்லோடு கொடுப்பதை வாங்குகிறவர் இன்னொரு ரகம். முதலாமவருக்குத் திருப்புளியார் என்றும் மற்றவருக்கு ரசீதார் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். "பணத்தைக் கொட்டினா யார் வேணா வாங்கலாம், திறந்து பார்க்கத் தெரியணும்" என்பார் திருப்புளியார். "நேரத்துக்கு விலை இல்லையா சார்?" என்பார் ரசீதார். ஆனாலும் மாதம் ஒரு தடவை சந்திக்காவிட்டால் இருவருக்குமே சோறு இறங்காது. விஷயம் தெரிந்த எதிராளி இல்லாமல் யாரிடம் போய்ப் பெருமை அடித்துக்கொள்வது?

திருப்புளியார் அநேகமாக வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். கல்யாண வீட்டுக்கும் அதோடுதான் வருவார். கச்சேரி மேடையில் மைக் 'கொர்' என்றால் முதலில் எழுந்து ஓடுகிறவர் அவர்தான். பந்தியில் இலை போட்ட பிறகும் ஆளைக் காணோம் என்றால் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய்த் தேடலாம்.

அவர் வீட்டில் உட்கார இடம் கிடைக்காது. சோபாவில் மோட்டார், டீப்பாயில் ஊசியைத் தாங்கும் டோன் ஆர்ம், ஊஞ்சலில் மூடி கழற்றிய ஏதோ ஒன்று மல்லாந்து கிடக்கும். ஜன்னல் திட்டில் வரிசையாக ஹார்லிக்ஸ் பாட்டில்கள், உள்ளே ஸ்க்ரூக்கள். ஒரு பாட்டிலில் 'முக்கியம்' என்று எழுதி ஒட்டியிருக்கும். அடுத்ததில் 'அவ்வளவு முக்கியமில்லை'. மூன்றாவதில் 'எதிலிருந்து என்று தெரியவில்லை'. நிரம்பி வழிவது மூன்றாவது பாட்டில். காபி கொண்டு வரும் அவர் மனைவி டம்ளரை வைக்க இடம் தேடியபடியே சொல்வார்: "இதுல ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் எங்கேருந்து கழண்டதுன்னு எனக்குத் தெரியும் சார். கல்யாணமான வருஷமே தெரிஞ்சுபோச்சு."

சரக்கு அவருக்குப் பல வழிகளில் வந்து சேரும். எங்காவது பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுப் பரணைப் பற்றி விசாரிப்பார். பழைய சாமான் சந்தையான மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததற்கு இன்னமும் துக்கம் அனுஷ்டிக்கிறவர். அது எரியாமல் இருந்திருந்தால் தன் வீட்டுக் கூடம் என்ன கதியாகியிருக்கும் என்று அவர் மனைவி நினைத்துப் பார்ப்பதுண்டு. வாங்கி வந்த அன்றே நமக்கு போன் வரும். "வெறும் ரெண்டாயிரம் ரூபாய் சார்! ஓடலை, அவ்ளோதான்." இறுகிப்போன பெல்ட், கெட்டியாகிப் பிசினான கிரீஸ், உப்பிய கண்டென்சர், முனை உடைந்த ஊசி, எலி கடித்த ஒயர் எல்லாம் அந்த 'அவ்ளோதா'னில் அடக்கம். பாகம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போக வர ஆட்டோ, வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களுக்குச் சுங்க வரி, எதுவும் கணக்கில் வராது. எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அதன் விலை ரெண்டாயிரம்தான்.

கொஞ்ச காலம் அவரை ஆட்டிப்படைத்தது ஒரு லென்கோ எல் 75. 1960களின் பிற்பாதியில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த மாடல். நல்ல மெஷின் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தட்டு மட்டுமே நாலு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின். மோட்டாரின் தண்டு கூம்பாக இருக்கும்; அதில் உரசியபடி உருளும் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் தட்டை அடியிலிருந்து சுழற்றும். சக்கரத்தைக் கூம்பின் பெருத்த பக்கம் தள்ளினால் வேகம் கூடும், சிறுத்த பக்கம் தள்ளினால் குறையும். நிமிஷத்துக்கு 16 சுற்றில் தொடங்கி 78 வரை இடைப்பட்ட எந்த வேகத்திலும் நிறுத்தலாம். பெல்ட்டே கிடையாது. இவ்வளவு யோசித்தவர்கள், டோன் ஆர்ம் மேலும் கீழும் ஆடுகிற இடத்தில் மட்டும் ஆங்கில 'வி' வடிவத்தில் இரண்டு சின்ன மெத்துத் துண்டுகளை வைத்துத் தொலைத்தார்கள். வயதானால் அவை பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். லென்கோ வைத்திருப்பவர்கள் சந்தித்தே தீரவேண்டிய வியாதி இது.

மாற்றுத் துண்டு ரெடிமேடாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் ஒரு சாயங்கால வேலை. திருப்புளியார் அதை வாங்குவாரா? பித்தளையில் கடைந்து போட்டுப் பார்த்தார், கடகடவென்றது. நைலானில் செதுக்கினார், மனசு ஆறவில்லை. ஒரு நாள் சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகை ஓரத்தில் விரற்கடை அளவு குறைந்திருந்தது. அன்று ராத்திரி அந்த வீட்டில் பாட்டு இருந்தது, சாப்பாடு இல்லை.

இதைவிடப் பெரிய திருவிளையாடல் ஓர் அமெரிக்க மெஷினில் நடந்தது. மாப்பிள்ளை அங்கே யாரோ வீட்டைக் காலி செய்யும்போது வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்த விவரம்கூடத் தெரியாதவரா இவர்? ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டி, எங்களையெல்லாம் அழைத்து உட்காரவைத்து, மங்களகரமாக ஆரம்பிக்கட்டும் என்று எம்.எஸ். பாடிய சுப்ரபாத எல்.பி.யைப் போட்டார்.

குரல் வந்தது. எம்.எஸ். வரவில்லை.

"யாருங்க பாடறது, ஆம்பளையா?" என்றார் மனைவி உள்ளேயிருந்து.

"ஒரிஜினல் ரிக்கார்டிங்னா குரல் இப்படித்தான் கனமா இருக்கும். சிடியில இந்தக் கனத்தையெல்லாம் வெட்டிடறான்."

வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு 'ஆகா' என்றுகூடச் சொன்னார்.

வோல்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் பார்த்துக்கொள்ளும். ஹெர்ட்ஸை அது தொடாது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அந்தக் காலத்து ஏ.சி. மோட்டார் வகையறா இந்த ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்றவேண்டிய தட்டு 28ஐக்கூடத் தொடாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். இருபது நிமிஷம் ஓடவேண்டியது இருபத்து நாலு நிமிஷம் ஓடும். அன்று வேங்கடமுடையான் நாலு நிமிஷம் கூடுதலாகத் தூங்கியிருப்பார்.

உண்மை தெரிந்ததும் மனுஷர் சோர்ந்துவிடவில்லை. முகத்தில் அப்படி ஒரு களை! வேலை கிடைத்துவிட்டதே. மோட்டார் புல்லியை ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் வேகம் சரியாகிவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையைப் பிடித்தார். லேத்துக்காரர் பழைய புல்லியை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "மிக்சிக்கா சார்?" என்றார். பத்து மில்லிமீட்டர் புல்லியில் 0.1 மில்லிமீட்டர் பிசகினாலும் வேகம் நூற்றுக்கு ஒன்று பிசகிவிடும், காது உள்ளவனுக்குச் சுருதி நிற்காது என்று இவர் விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புஷ் மாதிரிதானே? நாளைக்கு வாங்க" என்றார். அந்த நாளை வருவதற்குள் மார்கழிக் கச்சேரியெல்லாம் முடிந்துவிட்டது.

டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 மாடலாக இருந்தால் இந்தப் புல்லித் தொல்லையே கிடையாது. மோட்டார்மேல் நேராகத் தட்டு. ஆனால் திருப்புளியாருக்கு அதன்மேல் மரியாதை இல்லை. "அதுல நாம செய்றதுக்கு என்ன சார் இருக்கு?"

வேகத்தைச் சரிபார்க்கக் கோடு போட்ட ஒரு வட்ட அட்டை உண்டு. 50 ஹெர்ட்ஸ் ஊர்களில் 33⅓ வேகத்துக்கு 180 கோடு. தட்டின்மேல் வைத்துச் சுழலவிட்டு ட்யூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிப்பதால் வரும் மயக்கம் அது. எல்.இ.டி. பல்பு பெரும்பாலும் அந்தத் துடிப்பைக் காட்டாது. அதனால் வீடு முழுக்க எல்.இ.டி. போட்ட பிறகும், கூடத்தில் சோக் வைத்த கிழட்டு ட்யூப் லைட் ஒன்றை மட்டும் கழற்ற விடமாட்டார். அது மினுக் மினுக்கென்று யோசித்து எரிவதற்குள் வந்தவர்கள் பாதி ஊர்க்கதையைப் பேசி முடித்துவிடலாம்.

இத்தனை பாடுபட்டுச் சரிசெய்த மெஷினை அவரால் வீட்டில் சும்மா வைத்துப் பார்க்க முடியாது. பாட்டு ஓடும்போது அவர் பாட்டைக் கேட்பதில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வருகிற அந்தச் சில வினாடிக்காகக் காத்திருப்பார். ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு, "லேசா ஒரு ஹம் இருக்கு, கேக்குதா?" என்பார்.

"இல்லையே சார்."

"உங்களுக்குக் கேக்காது."

மறுநாள் போய்ப் பார்த்தால் ஊஞ்சலில் அது மல்லாந்து கிடக்கும்.

ரசீதார் வீடு வேறு தினுசு. பழைய மகாபலிபுரம் சாலையில் பதினேழாவது மாடி. கூடத்தின் நடுநாயகமாகத் தேக்குப் பெட்டியில் பதித்த கேரார்ட் 301. இங்கிலாந்தில் ஸ்விண்டன் நகரத்தில் செய்தது, 1954இல் முதலில் வந்தது, பி.பி.சி.யில் ஓடியது என்று வரலாற்றை ஒப்பிப்பார். சாம்பல் நிற ஹேமர் பெயின்ட்டும் கிரீஸ் போடும் பேரிங்கும் உள்ள ஆரம்பகால மாடலென்றால் மதிப்பு இன்னும் கூடுதல். தன்னுடையது அதுதான் என்பதை நாம் கேட்காமலே சொல்வார். வெளிநாட்டுப் பட்டறை ஒன்றுக்குப் பணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருந்து, மரப்பெட்டியில் வந்து இறங்கியது. அந்தக் காசுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம்.

போனதும் பாட்டு போடமாட்டார். பெண் பார்க்க வந்தவர்களிடம் ஜாதகத்தை நீட்டுவதுபோல ஒரு ஃபைலை நீட்டுவார். பிரிப்பதற்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம், பேரிங்கைக் கடைந்த படம், ஓடும்போது வேகம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் வரைபடம். "என்னென்ன மாத்தினாங்க சார்?" என்று கேட்டால், "ஃபுல் ரெஸ்டோரேஷன்" என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. ஊசி இசைத்தட்டை அழுத்தும் எடையைப் பார்க்க ஒரு குட்டித் தராசு வாங்கி வைத்திருக்கிறார், 1.8 கிராம் காட்ட வேண்டுமாம். காட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் தராசின் உறை இன்னும் பிரியவில்லை. ஊசிக்கும் ஆயுள் கணக்கு உண்டல்லவா, அதை வீணாக்கக் கூடாதென்று சாதாரண நாட்களில் போனில்தான் பாட்டு கேட்கிறார்.

ஒரு ராத்திரி அந்த கேரார்டில் 'ம்ம்ம்' என்று சத்தம் கிளம்பிவிட்டது. பட்டறைக்காரர் கடலுக்கு அந்தப் பக்கம். திருப்பி அனுப்பினால் கூரியர் செலவே ஆளைச் சாய்த்துவிடும். ரசீதார் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்புளியாருக்கு போன் போட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு அவர் வந்து நின்ற வேகத்தைப் பார்த்தால் செருப்பை மாட்டிக்கொண்டே போனை எடுத்திருப்பார் என்று தோன்றியது. குனிந்து பின்பக்கம் பார்த்தார். தரை துடைக்கும் ரோபோ இடித்ததில் எர்த் ஒயர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கையாலேயே திருகி மாட்டினார். சத்தம் நின்றுவிட்டது.

ரசீதார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திருப்புளியாருக்குத்தான் முகம் தொங்கிப்போயிற்று. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து வேட்டியில் துடைத்தபடி, "வந்தது வந்துட்டேன், அப்படியே திறந்து ஒரு பார்வை பார்த்துடலாமா?" என்றார்.

ரசீதார் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "வாரண்டி போயிடும் சார்."

"கிரீஸ் என்ன கலர்னு மட்டும்..."

"காபி சாப்பிடறீங்களா?"

இந்த இருவரையும் நம்பிப் பிழைக்கிற இன்னொருவரும் உண்டு: சந்துக்குள் கடை வைத்திருக்கும் வயதான ரேடியோ மெக்கானிக். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வேற யாராவது திறந்தாங்களா?" திறக்கவில்லை என்றால் ஒரு ரேட்டு. திறந்தார்கள் என்றால் ஒரு பெருமூச்சும் இன்னொரு ரேட்டும். திறந்தவர் திருப்புளியார் என்று தெரிந்தால் ரேட்டே சொல்லமாட்டார். "தீபாவளி கழிச்சு வாங்க" என்பார், எந்தத் தீபாவளி என்று சொல்லாமல்.

என்னைக் கேட்டால், பாட்டு கேட்பதுதான் உங்கள் எண்ணமென்றால் ரசீதார் வழியே நல்ல வழி. பில்லில் பெரும்பங்கு கூலிதான். மோட்டாரைப் பிரித்துக் கழுவிக் கோத்து, நாள் கணக்கில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்தக் கூலி தகும். ஆனால் வெறுமனே துடைத்து, பெயின்ட் அடித்து, 'புதுப்பித்தது' என்று தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பளபளப்பில் மயங்க வேண்டாம். உங்கள் கண் முன்னால் ஒரு பக்கம் முழுசாக ஓடட்டும். ரப்பர் சக்கரத்தில் ஓடும் மாடலென்றால், பிறகு தட்டைத் தூக்கி அடியில் இருக்கும் அந்தச் சக்கரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நெடுநாள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து பள்ளம் விழுந்திருந்தால், பாட்டுக்கு அடியில் டப் டப்பென்று அது தாளம் போடும். காட்டத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இல்லை, திறந்து பார்த்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர் தாராளமாகத் திறக்கலாம். தாத்தா விட்டுப்போன ஒரே மெஷினில் மட்டும் தொழில் பழக வேண்டாம். எந்த வழியில் போனாலும் சரி, ப்ளக்கைச் செருகுவதற்கு முன்னால் மோட்டாரில் எத்தனை ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். 60 என்று மட்டும் போட்டிருந்தால் அம்பத்தூர் லேத்துக்காரர் நம்பரை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.