தில்லா, திறமையா?

நேற்று ராத்திரி டி.வி.யில் ஒரு நைன் பால் பூல் மேட்ச். பாக்கி இருந்தது 9-ஆம் நம்பர் பந்து மட்டும்தான். பாக்கெட்டுக்கு ஒரு முழம்கூட இல்லை. ஆட்டக்காரன் அடித்தான், பந்து வாய்வரை போய் உதறிவிட்டு நின்றுவிட்டது. பக்கத்தில் முறுக்கோடு உட்கார்ந்திருந்த என் மச்சான் தீர்ப்பு எழுதிவிட்டார்: "திறமை இருக்கு மாப்ளே, தில்லுதான் பத்தல."

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரை அடுத்த வீட்டுக்கு அனுப்புகிறவர் சொல்கிறார்!

இந்தத் தில்லு ஒரு விநோதமான சரக்கு. ஆட்டம் முடிந்த பிறகுதான் கடைக்கு வரும். ஜெயித்தவனிடம் மூட்டை மூட்டையாக இருந்ததாம். தோற்றவனிடம் சிட்டிகைகூட இல்லையாம். அவனே அடுத்த வாரம் ஜெயித்தால் ராத்திரியோடு ராத்திரியாக லோடு இறங்கியிருக்கும்.

அமெரிக்காவின் ஏர்ல் ஸ்டிரிக்லாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவரோடு சண்டை, கூட்டத்தோடு சண்டை. சத்தம் பிடிக்காமல் காதில் மஃப் மாட்டிக்கொண்டு ஆடியவர். அவர் நைன் பாலின் யு.எஸ். ஓப்பனை 5 முறை ஜெயித்தார். 1990, 1991, 2002-இல் உலக சாம்பியன். கேட்டால் மச்சான் சொல்கிறார், "அந்தக் கோபமே ஒரு தில்லுதான்."

சரி, பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ்? 1996-இல் ஹாங்காங்கில் அதே ஸ்டிரிக்லாண்டோடு மோதினார். முதலில் 120 கேம் எடுப்பவருக்கு ஒரு லட்சம் டாலர். பின்தங்கிக் கிடந்த ரேயஸ், தலையைச் சொறிந்தபடியே 120-117 என்று முடித்தார். "அந்த நிதானமும் தில்லுதான்." கோபம் தில்லு, நிதானம் தில்லு. தலையைச் சொறிந்தால்? அதுவும் தில்லாகத்தான் இருக்கும். 117 எடுத்தவரிடம் அன்றைக்கு எவ்வளவு தில்லு குறைந்தது? சரியாக மூன்று கேமுக்கு!

நான் சொல்ல வந்தது இதுவல்ல. அடித்த பிறகு வெள்ளைப் பந்தை அடுத்த பந்துக்குத் தோதாக நிறுத்தத் தெரிந்தவனுக்குத் தில்லுக்கு வேலையே இல்லை. வெள்ளைப் பந்து உருண்டு போய் மேசை ஓரத்துக் குஷனில் ஒட்டிக்கொண்டால், க்யூ கோலின் பின்பக்கத்தைத் தூக்கி, பந்தின் தலையில் குத்த வேண்டும். அப்போது எந்த முனிவருக்கும் குறி தவறும். நேற்றும் அதுதான் நடந்தது. கோளாறு 8-ஆம் நம்பர் பந்தை அடித்தபோதே ஆரம்பித்தாயிற்று.

ஆனால் அந்த நேரத்தில் டி.வி.யில் வெள்ளைப் பந்தையா காட்டுகிறார்கள்? நெற்றி வியர்வையை க்ளோசப்பில் காட்டுகிறார்கள். மச்சானைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த கேமராமேன் மட்டும் கையில் கிடைக்கட்டும்.