சாமான் துறந்த நானா

பாலாவிச் சந்தியைத் தாண்டிக் கற்பிட்டி வீதியில் போகிறவர்களுக்கு இவரைத் தெரியாமல் இருக்காது. பெயர் வேண்டாம். இவரைப் போல ஊருக்கு ஒருத்தர் இருப்பதால், எந்தப் பெயரைப் போட்டாலும் யாராவது சண்டைக்கு வருவார்கள். பாதி ஆயுளைக் கட்டாரில் கழித்தவர். அங்கிருந்து வருடா வருடம் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பி, கடைசிப் பெட்டிக்குப் பின்னால் தானும் வந்து இறங்கினார். வந்த வருடம் சாமானைப் பிரித்தார். மறு வருடம் அடுக்கினார். அதற்கடுத்த வருடம் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு சாமானைத் துறந்துவிட்டார்.

துறவென்றதும் காடு, மலை என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டைக் காலியாக்குகிற துறவு. முதலில் போனது முன் ஹாலில் நின்ற கண்ணாடி அலுமாரி. எங்கள் கரையோரத்தில் அந்த அலுமாரி இல்லாத வீட்டோடு சம்பந்தம் வைக்கக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றாத பீங்கான் செட், விருந்தாளிக்கும் எடுக்காத கிளாஸ், தூசி படிந்த பிளாஸ்டிக் ரோசாப்பூ, உறை பிரிக்காத புலிப்படப் போர்வை எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கும். நானா அதை ஒரே நாளில் வெறுமையாக்கினார். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. லொறி பிடித்து அத்தனையையும் உம்மா வீட்டுக்கு அனுப்பி, அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆக, நானா துறந்ததெல்லாம் மாமியார் வீட்டு அறையில் இன்றைக்கும் பத்திரமாக இருக்கிறது.

வீட்டில் மிஞ்சியவை ஒரு பாய், ஒரு கதிரை, இரண்டு பீங்கான், இரண்டு சாரன், ஒரு கைபேசி. கதிரையில் அவர் இருப்பார். வந்தவர் நிற்பார். நிற்கிறவருக்குத்தான் போதனை.

“மனுசனுக்கு எத்தின சாரன் வேணும், சொல்லுங்க. ஒண்டு உடம்பில, ஒண்டு கொடியில. மூணாவது எதுக்கு?”

மூன்றாவது மழைக்கு என்று சொல்ல வாயெடுத்தால், “ஆசை!” என்று விரலை நீட்டுவார்.

பொய் சொல்லக்கூடாது, மனிதரின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கத்தான் செய்கிறது. அவர் திறப்பைத் தேடி அலைவதில்லை. ஒட்டடை அடிப்பதில்லை. இஷா முடிந்து படுத்தால் சுபஹுக்குத்தான் எழும்புகிறார். கல்யாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடுகிற நமக்கு வீட்டில் ஆளுக்கு ஆறு பீங்கான் எதற்கு என்று அவர் கேட்பதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஜப்பானின் மரி கொண்டோவைப் பற்றியும் சொல்வார். கையிலெடுத்துப் பார்த்து மனதுக்கு மகிழ்ச்சி தராத பொருளை வெளியே போடு என்று புத்தகம் எழுதி உலகத்தையே ஒதுக்க வைத்த பெண். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதைக் கொஞ்சம் கைவிட்டுவிட்டேன் என்று அதே பெண் 2023இல் சொன்னதை மட்டும் நானா சொல்ல மாட்டார். அந்த வீடியோ அவருக்கு இன்னும் வந்து சேரவில்லைபோலும்.

எல்லாம் சரி, சிக்கல் வேலியில் இருக்கிறது. நானாவின் வளவுக்கும் பின்வளவு மாமியின் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு. ஒரு காலத்தில் கோழி போக இருந்த பொட்டு, நானா சாமானைத் துறந்த பிறகு ஆள் போகிற அளவுக்குப் பெருத்துவிட்டது. காலையில் திருவலை அந்தப் பொட்டால் வரும். பகலில் அலவாங்கு வரும். பின்னேரம் சைக்கிள் பம்பு. வெள்ளிக்கிழமைகளில் நகவெட்டி. மழை இருட்டினால் மாமியின் ஒரே குடையும் வந்துவிடும். ஆசை என்று விரல் நீட்டியவரின் விரலில் அப்போது குடைக் கைப்பிடி தொங்கும்.

“மாமி, அந்த ஏணி சும்மாதானே கிடக்குது?”

“கிடக்கிற ஏணி இல்ல மகன், நிக்கிற ஏணி. போன கிழமை நீங்க எடுத்தது. உங்கட வேப்பமரத்தில நிக்குது, பாருங்க.”

இதற்காக நானாவைக் கேலி செய்கிறவர்கள் அவருடைய குருபரம்பரையை அறியாதவர்கள். அமெரிக்காவில் தோரோ என்றொருவர் 1845இல் வால்டன் குளக்கரைக் காட்டில் குடிசை போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் எளிமையாக வாழ்ந்து பெரிய புத்தகம் எழுதினார். குடிசைக்கு ஆன செலவு 28 டொலர் 12½ சதம் என்று கணக்கும் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்கில் கோடரி இல்லை. கோடரி இரவல். நிலம் சிநேகிதர் எமர்சனுடையது. இரவல் வாங்கிய கோடரியை வாங்கியபோது இருந்ததைவிடக் கூராக்கித் திருப்பிக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்த இடத்தில்தான் எங்கள் நானா கொஞ்சம் சறுக்குகிறார். மாமியின் அலவாங்கு போனபோது நேராக இருந்தது. ஆனால் தோரோவிடம் மூன்று கதிரைகள் இருந்தன. அந்த வகையில் நானா அவரை இரண்டு கதிரையால் முந்திவிட்டார்.

ஒருத்தர் ஒன்றுமில்லாமல் நிம்மதியாக வாழ வேண்டுமானால் அவரைச் சுற்றி நாலு பேர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். இந்த ஒழுங்கையில் அந்த நாலு பேரும் மாமி ஒருத்திதான்.

மாமி யாழ்ப்பாணம் சோனகத்தெருக்காரி. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியே போகச் சொன்னபோது இடுப்பில் ஒரு பிள்ளையோடும் கையில் ஒரு பையோடும் நடந்தவர். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். மகிழ்ச்சி தருவது எது, தராதது எது என்று ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்க்க இரண்டு மணித்தியாலம் போதாது. போகிற வழியில் புலிகள் நகையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாமி தையல் மெசினை அப்படியே விட்டுவிட்டு, ஏனென்று தெரியாமல் இடியப்ப உரலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். அந்த உரல் இன்றும் இருக்கிறது. நானா வீட்டில்.

முகாமில் கிடுகுக் கொட்டிலில் வருடக்கணக்கில் இருந்து, பிறகு கல் சுவரும் தகரக் கூரையும் கண்டவர் மாமி. அதற்குப் பிறகு ஒரு பொருளை எறிந்தவர் இல்லை. ஜாம் போத்தல், பிஸ்கட் தகரம், மூடி போன சட்டி, சட்டி போன மூடி, கப்பல் கயிறு, யாரோ போட்ட கதவின் பிணைச்சல் என்று வளவு முழுக்கக் களஞ்சியம். “இதெல்லாம் எதுக்கு மாமி?” என்று நானா கேட்பார். “தெரியாது மகன். தெரிஞ்சிருந்தா வைக்கத் தேவையில்லையே” என்பார் மாமி.

2022இல் அது எதற்கென்று தெரிந்தது. அந்த வருடம் அரசாங்கம் இருபது மில்லியனுக்கு மேற்பட்ட மக்களை ஒரேயடியாக எளிமைக்குக் கொண்டுவந்தது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நுரைச்சோலையில் நிற்கிறது. அதன் புகைபோக்கியைப் பார்த்தபடியே நாங்கள் இருட்டில் இருந்தோம். நானா ஏற்கெனவே இரண்டு காஸ் சிலிண்டரில் ஒன்றை விற்று மகிழ்ந்தவர். பொட்டால் போய்ப் போய் அடுப்புக்கல் மூன்று கொண்டுவந்தார். பிறகு விறகு. பிறகு ஜாம் போத்தலில் செய்த குப்பிலாம்பு. அதற்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெயும் மாமியிடம் இருந்தது. அந்தக் குப்பிலாம்பு வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு, “இப்ப பாருங்க, நாடே என்ட வழிக்கு வந்துட்டுது” என்று நானா பேசியதைக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அவருக்கு உண்மையான சீடர்கள் கடலோரத்தில்தான் கிடைத்தார்கள். மே மாதம் தென்மேல் காற்று பிடித்தால் கப்பலடிக் களப்பில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் பறக்க வெள்ளைக்காரர் வந்துவிடுவார்கள். அவர்கள் தங்குவது கிடுகுக் கூரை, மணல் தரை, கதவுக்குப் பதில் ஒரு துணி. அப்படி வந்த ஒரு பிள்ளையை நானா ஒருநாள் தன் வெறும் வீட்டைப் பார்க்கக் கூட்டி வந்தார். பிள்ளை கண்கலங்கிப் போனாள். மாமி பொட்டால் எட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளை எங்கே தங்கியிருக்கிறாள், ராவைக்கு என்ன கொடுக்கிறாள் என்று விசாரித்தார். டொலர்க் கணக்கை நானா ரூபாவாக்கிச் சொன்னார்.

“கிடுகுக் கொட்டிலுக்கா?”

“எளிமை மாமி, எளிமை.”

“நாங்க முகாமில எத்தின வருசம் இருந்தம். வாடகை வாங்கத் தோணலையே மகன்.”

நானா அசரவில்லை. இன்னொரு முறை கருவாடு வாங்க உடப்புக்குப் போனவர் அங்கேயும் பேச்சைத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு கரைவலைச் சம்மாட்டி. பருவம் மாறினால் வலை, தோணி, ஆட்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி போடுகிற ஊர் அது. மூட்டை கட்டுவதில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சம்மாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி நானா, இதில எதைக் குறைக்க? மடியையா, கயித்தையா?” என்றார். மடியில்லாத வலையில் மீன் தங்காது, கயிறில்லாத வலை கரைக்கு வராது என்பது நானாவுக்குத் தெரியும். கருவாட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பையையும் சம்மாட்டிதான் கொடுத்தார்.

(கழுதைகளைச் சொல்லாமல் விட்டால் புத்தளத்துக்காரர் கோபிப்பார்கள். உப்புச் சுமந்த காலம் போய் இப்போது முதுகில் ஒரு மூட்டையும் இல்லாமல் வீதி நடுவில் நிற்கின்றன. ஹோர்ன் அடித்தாலும் நகர்வதில்லை. நானா வீதியில் யாரையாவது பிடித்துப் பேசத் தொடங்கினால் அவரும் அப்படித்தான்.)

போன நோன்பு முடிந்த பிறகுதான் அந்தத் திருப்பம் நடந்தது. நானா வேலியோரம் நின்று மாமிக்கே போதிக்கத் தொடங்கினார். “ஆறு மாசம் தொடாத சாமானுக்கு நீங்க சொந்தக்காரி இல்ல மாமி, காவல்காரி.” மாமி அதைப் பற்றி ஒரு கிழமை யோசித்தார். வெள்ளிக்கிழமை நானா ஜும்ஆவுக்குப் போன நேரம் பேரனைக் கூப்பிட்டு ஏணி, அலவாங்கு, கோடரி, பெரிய தாச்சி, பம்பு, குடை, போத்தல்கள், தகரங்கள் எல்லாவற்றையும் பொட்டால் தள்ளி நானாவின் ஹாலில் அடுக்க வைத்தார். திரும்பி வந்த நானாவுக்கு வாசலில் நுழைய வழியில்லை.

“நானும் துறந்துட்டன் மகன். தேவையெண்டா வந்து எடுத்துக்கொள்றன்.”

மாமி வீட்டுக்கு இரவல் கேட்டு வந்து பழகிய ஒழுங்கை முழுவதும் மறுநாளிலிருந்து நானா வீட்டுக்குத் திரும்பியது. சுபஹுக்கு முன்னாலேயே திருவலைக்கு ஆள் நிற்கும். கந்தூரிக்குத் தாச்சி போகும். அடி கரியாகித் திரும்பும். ஏணி போகும், ஒரு படி குறைந்து வரும். முதல் கிழமை நானா சிரித்தார். இரண்டாம் கிழமை அலவாங்கைப் பாயின் கீழே வைத்துப் படுத்தார். மூன்றாம் கிழமை புத்தளம் டவுனுக்குப் போய் ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் ஒரு பெரிய பூட்டும் வாங்கி வந்தார். கொப்பியில் கோடு போட்டு நாலு நிரல்: ஆள், சாமான், எடுத்த திகதி, தரவேண்டிய திகதி. பேனை காணாமல் போகாதபடி நூலால் கதிரைக் காலில் கட்டியிருக்கிறார்.

போன கிழமை மாமி முருங்கைக்காய் பறிக்க ஏணி கேட்டுப் பொட்டால் தலையை நீட்டினார். நானா கொப்பியைப் புரட்டினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

“செவ்வாக்கிழமை எடுத்த குடை இன்னும் வரல்லையே, மாமி.”

“அது என்ட குடை மகன்.”

“அது தெரியும். ஒப்பம் வைக்காம எப்படிக் கொண்டு போனீங்க?”