கூரைக்குச் சுண்ணாம்பு, பில்லுக்கு வெட்டு

கேள்வி: மாடி இல்லாத கான்கிரீட் வீடு. மே மாதம் ராத்திரியிலும் தளம் அனலடிக்கிறது. கையில் 5,000 ரூபாய்தான். ஏ.சி. வாங்க வழி உண்டா?
– ஒரு வாசகி, பெரம்பலூர்

பதில்: அந்தக் காசுக்கு ஸ்டெபிலைசர் கிடைக்கும்; குளிர் கிடைக்காது.

பக்கத்து அரியலூரில் டைனோசர் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் ஆலைகள் சிமெண்ட் ஆக்குகின்றன. அந்த சிமெண்ட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரி கக்குகிறது. மருந்தும் சுண்ணாம்பிலேயே இருக்கிறது. மொட்டைமாடியைக் கழுவிக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை இரண்டு கை அடித்தால், அந்த வெள்ளை வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

மிச்சத்தில் ஒரு பி.எல்.டி.சி. ஃபேன். பழையது 75 வாட், இது சுமார் 30. தினம் 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 54 யூனிட் 22 ஆகும். கூடவே வரும் ரிமோட் யார் கையில் என்ற சண்டைக்கு மட்டும் மின்வாரியத்தில் மானியம் கிடையாது.