பேசாத படத்தைப் பேச வைத்தவர்

கே: ஆரம்பகால ஹாலிவுட் எழுத்தாளர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

அனிதா லூஸ். 1912-ல் ஊமைப்படத்துக்குக் கதை கொடுத்தவர், 1951-ல் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த பிராட்வே நாடகம் ‘ஜிஜி’யையும் எழுதினார். நடுவில் பேசும்படம் வந்து எத்தனையோ பேரை வீட்டுக்கு அனுப்பியது. இவரை அசைக்க முடியவில்லை.

கே: ஊமைப்படத்துக்கு எழுத்தாளர் எதற்கு?

கதைக்குத்தான். அதோடு, காட்சிகளுக்கு நடுவே திரையில் எழுத்து அட்டை வருமே, அதையும் யாராவது எழுத வேண்டும். பெரும்பாலும் அது ‘மறுநாள் காலை’ என்று தகவல் சொல்லிவிட்டுப் போய்விடும். லூஸ் அதில் நையாண்டியை ஏற்றினார். டைரக்டர் டி. டபிள்யூ. கிரிஃபித்துக்கு முதலில் நம்பிக்கை இல்லை. படிப்பதற்கா ஜனங்கள் தியேட்டருக்கு வருகிறார்கள் என்று நினைத்தார். 1916-ல் லூஸ் எழுதி, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த ‘ஹிஸ் பிக்சர் இன் தி பேப்பர்ஸ்’ வந்தது. ஜனங்கள் அட்டையைப் படித்தே சிரித்தார்கள். அதே வருடம் வெளியான கிரிஃபித்தின் பிரமாண்டமான ‘இன்டாலரன்ஸ்’ படத்திலும் லூஸ் அட்டை எழுதினார்.

கே: சிறுமியாக இருந்தபோதே கதை விற்றாராமே?

பிறந்தது 1888, படத்துக்குக் கதை கொடுத்தது 1912. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தடிக்கும் குறைந்த உயரம், வயதையும் குறைத்தே சொல்வார். ஊர் நம்பிவிட்டது.

கே: கணவர் ஜான் எமர்சனோடு சேர்ந்துதானே எழுதினார்?

டைட்டிலில் இரண்டு பெயரும் இருக்கும். விடியற்காலையில் எழுந்து பேனா பிடித்தது ஒருவர்தான். எமர்சனின் பங்கு எவ்வளவு சொற்பம் என்பதை லூஸே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். சம்பாத்தியமும் எமர்சன் கைக்குத்தான் போனது. பின்னால் அவருக்கு மனநோய் வந்து மருத்துவ இல்லத்தில் இருந்தார். 1956-ல் அவர் இறக்கும்வரை லூஸ் விவாகரத்து செய்யவில்லை. இதைப் பத்தினித்தனம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அடுத்தவர் உழைப்பில் பெயர் வாங்கியது அநியாயம், அவ்வளவுதான்.

கே: மர்லின் மன்றோவின் ‘ஜென்டில்மென் ப்ரிஃபர் ப்ளாண்ட்ஸ்’ இவர் கதையா?

ஆமாம், 1925-ல் வந்த நாவல். ஹெச். எல். மென்கன் என்ற பெரிய விமர்சகர் ஒரு பொன்முடி அழகியிடம் மதிமயங்கியதைப் பார்த்த எரிச்சலில், ரயிலில் போகும்போது லூஸ் எழுத ஆரம்பித்தார். எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ்கூட விரும்பிப் படித்த புத்தகம்.

கே: நாவலாசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டையே தோற்கடித்தாராமே?

ஒரு படத்தில். ‘ரெட்-ஹெடட் வுமன்’ திரைக்கதைக்கு எம்.ஜி.எம். ஸ்டுடியோ முதலில் உட்கார வைத்தது ஃபிட்ஸ்ஜெரால்டைத்தான். எழுதியது ரொம்ப சீரியஸாகிவிட்டது. தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க் லூஸைக் கூப்பிட்டார். 1932-ல் ஜீன் ஹார்லோ நடித்து வெளிவந்தது. முதலாளியை வளைத்துப்போடும் பெண் கடைசிவரை எந்தத் தண்டனையும் இல்லாமல் ஜாலியாகப் போய்விடுகிறாள். 1934-ல் தணிக்கை இறுகிய பிறகு இப்படி முடிக்க விட்டிருக்க மாட்டார்கள்.

கே: எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

‘தி நியூயார்க் ஹேட்’, 1912. சுமார் கால் மணி நேரம். கஞ்சத்தனமான அப்பா; மகளுக்கு ஒரு நல்ல துணிமணி கிடையாது. அம்மா சாகும்போது, மகளுக்கு அவ்வப்போது ஏதாவது வாங்கிக் கொடுங்கள் என்று கடிதம் எழுதி, சேர்த்த பணத்தைப் பாதிரியாரிடம் ரகசியமாகக் கொடுத்துவிட்டுப் போகிறாள். பாதிரியார் கடையில் தொங்கும் பத்து டாலர் தொப்பியை வாங்கித் தருகிறார். அதைப் போட்டுக்கொண்டு பெண் சர்ச்சுக்கு வருகிறாள், ஊர் வாய் திறக்கிறது, அப்பா தொப்பியைக் கிழித்து எறிகிறார். கடைசியில் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் எல்லார் வாயையும் அடைக்க வேண்டியிருக்கிறது. பெண்ணாக மேரி பிக்ஃபோர்டின் முகத்தைப் பாருங்கள். இந்தக் கதைக்கு லூஸுக்குக் கிடைத்தது 25 டாலர். காப்புரிமை முடிந்த படம், இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கும். இன்று ராத்திரியே பாருங்கள்.