மணப்பாறைச் சந்தையும் கேரள கேன்டீனும்

கேள்வி: அமெரிக்க மாட்டிறைச்சி இறக்குமதியை எதிர்த்து 2008-இல் தென்கொரிய எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத்தையே புறக்கணித்தனவாமே! இங்கே அப்படி நடக்குமா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: நடக்காது சுவாமி. இங்கே மாட்டிறைச்சி இறக்குமதிக்கே தடை. வராத விருந்தாளியை எதிர்த்து யார் வெளிநடப்பு செய்வார்கள்? நம் சண்டை உள்ளூர்ச் சந்தையோடுதான். வெட்டுவதற்காகச் சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று 2017 மே 23-இல் மத்திய அரசு விதி போட்டது. வாங்குகிறவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும் என்றது அந்த விதி. உங்கள் மாவட்டத்து மணப்பாறைச் சந்தையை நினைத்துப் பாருங்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிற இடத்தில் பத்திரம், நகல், கையெழுத்து! (உழவுக்கு ஆகாத கிழட்டு மாட்டை விவசாயி யார் தலையில் கட்டுவான்? விதி எழுதியவர் வாங்கிக்கொள்வாரா?) ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. ஜூன் 8-இல் கேரள சட்டசபை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அன்று காலை பல உறுப்பினர்கள் சபை கேன்டீனில் பீஃப் வறுவலை ஒரு கை பார்த்துவிட்டே உள்ளே போனார்கள்.

இறக்குமதிக் கதைதான் வேண்டும் என்றால் இலங்கைக்குப் போங்கள். 2020 செப்டம்பரில் அமைச்சரவை எடுத்த முடிவு: உள்நாட்டில் மாடு வெட்டத் தடை, சாப்பிடுகிறவர்களுக்கு வெளிநாட்டு இறைச்சி. புண்ணியம் உள்ளூர்த் தயாரிப்பு, பாவம் மட்டும் இறக்குமதி!