நெத்தியை மறைக்கப் போறியா, பேத்தி?

இன்னாம்மே பேத்தி, செல்லுல ஒரு கொரியாக்காரி போட்டோவைக் காட்டி, "தாத்தா, இந்த மாதிரி நெத்தியில முடி வெட்டி விட்டா எனக்கு எடுப்பா இருக்குமா?"ன்னு கேக்குற. இருக்கும், இருக்கும். அவ மூஞ்சியையும் சேத்து வாங்கிக்கினு வந்தா ரொம்ப எடுப்பா இருக்கும்.

சோழியன் குடுமி சும்மா ஆடாதுன்னு சொல்லுவாங்க. நெத்தி முடியும் சும்மா தொங்கக் கூடாது, ஒரு காரணம் வேணும். சாதனாவுக்கு இருந்துது. 1960-ல 'லவ் இன் சிம்லா'ன்னு ஒரு இந்திப் படம். கதாநாயகி சாதனாவுக்கு நெத்தி அகலம், கேமராவுல இன்னும் அகலமாத் தெரிஞ்சுது. டைரக்டர் ஆர்.கே. நய்யார் பார்த்தாரு. 1953-ல 'ரோமன் ஹாலிடே' படத்துல ஆட்ரி ஹெப்பர்ன் நெத்தியில முடி வெட்டிக்கினு வந்தாங்க இல்ல, அதே தினுசுல இந்தம்மாவுக்கும் வெட்டி விடச் சொன்னாரு. படம் வந்துது, நெத்தி மறைஞ்சுது, ஊர் ஊருக்கு 'சாதனா கட்' கிளம்பிடுச்சு.

கூத்து இன்னான்னா, வெட்டிக்கினவங்கள்ல பல பேருக்கு நெத்தியே ரெண்டு விரக்கடைதான். இருந்ததும் மூடிப்போய், பொட்டு வெக்க இடம் தேடினாங்க. சாதனா கெட்டிக்காரி. அதே வருஷம் பிமல் ராயோட 'பரக்' படத்துல கிராமத்துப் பொண்ணா வந்தப்போ, முடியைப் படிய வாரிக்கினு வந்துட்டாங்க. அந்த நய்யாரையே 1966-ல கல்யாணமும் கட்டிக்கினாங்க. உன் நெத்தி பெருசுன்னு சொன்ன ஆம்பளையைக் கட்டிக்க எவ்ளோ பெரிய மனசு வேணும் பாரு!

சரி, உன் கதைக்கு வருவோம். தறிக்குக் கீழ அறுந்த நூல் கெடக்குது, ஒரு முழம் எடு. முடியை இழுத்துக் கட்டிக்கினு கண்ணாடி முன்னாடி நில்லு. முடி ஆரம்பிக்கிற எடத்துல இருந்து மோவாய் வரைக்கும் ஒரு அளவு. இந்தக் கன்னத்து எலும்புல இருந்து அந்தக் கன்னத்து எலும்பு வரைக்கும் ஒரு அளவு. நெத்திக்கும் தாடைக்கும் அகலம் பார்த்துக்கோ.

நீளமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணா, கன்னம் கொழுகொழுன்னு இருந்தா வட்ட முகம். அதுல நேரா கோடு கிழிச்ச மாதிரி வெட்டினா முகம் இன்னும் குட்டையாயிடும். ஒரு பக்கமா வகிடெடுத்து சாய்ச்சு விடு. நீள முகக்காரியா? அவளுக்குத்தான் புருவம் தொடுற நேர் வெட்டு. தாடை சதுரமா இருந்தா முனையை மெல்லிசாக் கலைச்சு விடணும். மேல அகலம், கீழ கூர்ன்னா நடுவுல பிரிச்சு ரெண்டு பக்கமும் ஒதுக்கி விடுற 'கர்ட்டன்' வெட்டு. முட்டை முகக்காரிக்கு எதுவும் ஒத்துக்கும். அவ தாத்தாகிட்ட யோசனை கேக்கவே மாட்டா.

அப்புறம் மூக்கு. மூக்கு மாதிரி நிக்குற நகரி மலையைப் பார்த்திருக்க இல்ல, அந்தக் காலத்துல கடல்ல போற கப்பல்காரனுக்கே அடையாளம் காட்டின மூக்கு அது. நெத்தியை அடைச்சு மூடினா உன் மூக்கும் அப்படித்தான் முன்னாடி வந்து நிக்கும். உங்க அப்பன் வழி மூக்கு வேற. நான் ஒண்ணும் சொல்லல.

முன் நெத்தியில சுழி இருக்குதான்னு தடவிப் பாரு. இருந்தா எந்த பியூட்டி பார்லர்காரி வெட்டினாலும் அந்த எடத்துல முடி எழும்பித்தான் நிக்கும். சுருட்டை முடியா இருந்தா காஞ்சதும் மேல ஏறிக்கும். ஈரத்துல புருவத்துக்குச் சரியா வெட்டினது, காஞ்சா பாதி நெத்தியில நிக்கும். தேங்காய் எண்ணெயைப் பூசி நெத்தியில தொங்க விட்டா பரு கிளம்பும். உனக்கோ கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிப்ட் வேலை. எட்டு மணி நேரம் தொப்பிக்குள்ள அமுங்கி, வேர்த்து, சாயங்காலம் வெளியில வரப்போ கொரியாக்காரி காணாம போயிருப்பா. இங்க லீவுக்கு வந்தா பவர்லூம் ஓடுற எடத்துல அத்த கிளிப் போட்டு அடக்கு. மெஷினுக்கு ஃபேஷன் தெரியாது.

முடி மாசத்துக்குச் சுமாரா ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். புருவத்துல வெட்டினது மோவாய்க்கு வர ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள பொறுமை போச்சுன்னா திருத்தணி இருக்குது, 365 படி ஏறி முருகனுக்கு மொட்டை போட்டுக்கினு வா. புண்ணியத்துக்குப் புண்ணியம், முடியும் ஒரே அளவா வரும்.

வெட்டியே தீருவேன்னா, காஞ்ச முடியில வெட்டச் சொல்லு. முதல் தடவை புருவத்துக்குக் கீழ ஒரு விரக்கடை விட்டே நிறுத்தச் சொல்லு. குறைக்கணும்னா நாளைக்கும் கத்திரி இருக்கும். ஒட்ட வெக்கத்தான் ஆளு கெடையாது.